முதிர்வதும் பழசாவதும்

நமது நூல் மதிப்புரைகளில் மிகவும் தேய்ந்துபோன உவமை எது என்று போட்டி வைத்தால் பழைய மதுவுக்கே முதற்பரிசு கிடைக்கும். ஆண்டுகள் ஆக ஆகச் சுவை கூடும் மதுவைப் போன்றது இந்நாவல் என்று ஒருமுறையேனும் எழுதாத மதிப்புரையாளர் அரிது. உவமை தேய்ந்துவிட்டதே என்பது என் புகார் அல்ல. அது உண்மைக்கு மாறானது என்பதே புகார். ஒயினில் பெரும்பகுதி புதிதாகவே குடிக்கப்படுவதற்காகச் செய்யப்படுவது. விஸ்கி முதிர்வது மரப்பீப்பாயில். கண்ணாடிப் புட்டிக்குள் இறங்கியதும் அந்த முதிர்ச்சி நின்றுவிடுகிறது. லேபிளில் காணும் 12 ஆண்டு என்பது பீப்பாயில் கழிந்த காலம். அந்தப் புட்டியை நாம் இன்னொரு 12 ஆண்டுகள் பீரோவில் பூட்டி வைத்தாலும் அது 24 ஆண்டு விஸ்கியாகிவிடாது.

மதிப்புரைக்குள் அடங்கியிருக்கும்வரை இப்பிழையால் எவருக்கும் நட்டமில்லை. அது தாளைவிட்டு இறங்கி வரவேற்பறையின் கண்ணாடி அலமாரிக்குள் குடியேறியதுதான் சிக்கல். விமான நிலையத்து வரியில்லாக் கடையில் வாங்கிய லிக்யூர் புட்டி அங்கே நிற்கிறது. ஒருமுறை திறக்கப்பட்டு, இரண்டு விரற்கடை குறைந்து, பிறகு கொலுப்பொம்மைக்குரிய மரியாதையுடன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. கொலுப்பொம்மையாவது ஒன்பது நாளில் பரணுக்குத் திரும்பிவிடும். ‘மது கெடாது’ என்னும் வேதவாக்கு இந்தப் புட்டியைக் காத்து நிற்பதாக வீட்டுக்காரர் நம்புகிறார். அந்த வேதவாக்கு பொய் என்று சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லிக்கர் என்பது எல்லா மதுவகைக்கும் பொதுப்பெயர். லிக்யூர் அதில் ஒரு தனிக்குடும்பம்: சாராயத்தில் மூலிகை, பழம், கொட்டை, பாலாடை, முட்டை இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து இனிப்பூட்டிய பானம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி ஒரு பானம் லிக்யூர் என்று பெயர் தாங்க அதில் குறைந்தது 15 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையும் இருக்க வேண்டும். ‘க்ரெம் தெ’ என்று தொடங்கும் பெயருடையவற்றுக்கு 250 கிராம். பிளாக்கரண்ட் பழத்தில் செய்யும் க்ரெம் தெ காஸிஸுக்கு 400 கிராம். முட்டை லிக்யூருக்கு மட்டும் 14 சதவீத ஆல்கஹால் போதும். ஆனால் லிட்டருக்கு 140 கிராம் மஞ்சள் கரு இருந்தாக வேண்டும்.

இந்த எண்களை அடுக்கியதற்குக் காரணம் உண்டு. பெய்லிஸில் ஆல்கஹால் 17 சதவீதம். குவான்த்ரோவில் 40 சதவீதம். பச்சை ஷார்த்ரூஸில் 55 சதவீதம். ஒன்றில் பாலாடை, ஒன்றில் ஆரஞ்சுத் தோலின் எண்ணெய், ஒன்றில் 130 தாவரங்களின் சாரம். பெயரால் ஒரு குடும்பம். உடலால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இவை அனைத்துக்கும் சேர்த்து ‘கெடாது’ என்று ஒற்றைத் தீர்ப்பு எழுதுவது, வெண்பாவுக்கும் வசன கவிதைக்கும் ஒரே யாப்பு விதி சொல்வதைப் போன்றது.

இந்த நம்பிக்கைக்கு ஊற்றுக்கண் எது? புட்டியின் மேல் காலாவதித் தேதி இல்லை என்பதே பலர் காட்டும் சான்று. அந்தத் தேதி ஏன் இல்லை என்று கேட்டவர்கள் குறைவு. உணவு லேபிள்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒழுங்குவிதி, 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானங்களுக்குத் தேதி அச்சிடுவதிலிருந்து விலக்களிக்கிறது. அவ்வளவு ஆல்கஹாலில் நோய்க்கிருமிகள் பெருகுவது கடினம். ஆகவே உயிருக்குக் கேடு குறைவு. சட்டத்தின் அக்கறை அத்துடன் முடிந்தது. நாவின் வழக்கைச் சட்டம் விசாரிக்கவில்லை. சட்டம் மௌனமாக இருந்த இடத்தை நாம் ‘என்றென்றும்’ என்று வாசித்துக்கொண்டோம். சட்டம் கேட்காதபோதும் பெய்லிஸ்காரர்கள் தாங்களாகவே புட்டியில் தேதி அச்சிடுகிறார்கள். தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், 0 முதல் 25 பாகை செல்சியஸுக்குள், நேர் வெயில் படாமல் என்பது அவர்கள் தரும் உறுதி. செய்தவனே இரண்டு ஆண்டு என்கிறான். வாங்கியவன் பத்தாண்டு என்கிறான். யாரை நம்புவது?

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். நஞ்சாவது வேறு, செத்துப்போவது வேறு. திறந்து ஐந்தாண்டு ஆன ஆரஞ்சு லிக்யூரைக் குடித்தால் எவரும் மருத்துவமனைக்குப் போகப்போவதில்லை. ஆனால் அதில் ஆரஞ்சு இருக்காது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் மணத்தில் பெரும்பங்கு லிமோனீன் முதலிய எண்ணெய்ச் சேர்மங்களுக்குரியது. காற்றுப் பட்டால் அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து, பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைனை நினைவூட்டும் வாடையாக மாறும். பிளாக்கரண்டின் கருஞ்சிவப்பைத் தரும் ஆன்தோசயனின் சிதைந்து செங்கல் நிறமாகும். புதுப்பழத்தின் புளிப்புக் கூர்மை போய், உலர்திராட்சைத் தித்திப்பு மட்டும் மிஞ்சும். பச்சை மூலிகைச் சாரம் வெளிச்சத்தில் நின்றால் பழுப்பு நிறத்துக்குச் சரியும். எஞ்சி நிற்பது சர்க்கரையும் சாராயமும். அவை இரண்டும் கெடுவதில்லை என்பது உண்மைதான். எலும்பும் எளிதில் கெடாது.

திறந்த புட்டிக்குள் நிகழ்வதைக் கணக்காகவே பார்க்கலாம். 700 மில்லிலிட்டர் புட்டியில் பாதி தீர்ந்துவிட்டால் மீதி 350 மில்லிலிட்டர் இடத்தில் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், ஆக்சிஜன். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இந்தக் காற்று புதுப்பிக்கப்படுகிறது. பானம் குறையக் குறையக் காற்று கூடுகிறது. எஞ்சியிருப்பது விரைவாகத் தளர்கிறது. கடைசி இரண்டு விரற்கடையைச் சிறப்பு நாளுக்கென்று மிச்சம் வைப்பவர், புட்டியின் வாழ்வில் மிகப் பலவீனமான பகுதியைச் சிறப்பு நாளுக்கு ஒதுக்குகிறார்.

ஆகவே வகை பிரித்தே பேச வேண்டும். பாலாடை, முட்டை சேர்ந்தவை முதல் வகை. இவற்றில் பால்கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி நிற்பதுதான் அந்த வழவழப்பு. வெப்பத்திலும் காலத்திலும் துளிகள் ஒன்றுசேரும், திரள் தட்டும், புளித்த வாடை வரும். திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். புட்டியில் அச்சிட்ட தேதி அதற்கு முன்னால் வந்தால் அதுவே எல்லை. திரிந்துபோனதைக் குலுக்கிச் சரிசெய்யலாம் என்பது வீண் ஆசை, கொட்டிவிட வேண்டியதுதான்.

க்ரெம் தெ காஸிஸ் போன்ற 15 முதல் 20 சதவீதப் பழ லிக்யூர்கள் இரண்டாம் வகை. திஜோன் நகரின் நீண்டகால மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கீரின் பெயரால் வழங்கும் கீர் என்னும் பானத்தில் வெள்ளை ஒயினோடு சேர்வது இதுதான். இதையும் குளிரில் வைத்து மூன்று நான்கு மாதங்களில் தீர்ப்பது நல்லது. கம்பாரி, லிமொன்செல்லோ, அமரெத்தோ முதலிய 20 முதல் 30 சதவீதத்தவை மூன்றாம் வகை. இருட்டிலும் குளிர்ச்சியிலும் ஓராண்டு தாங்கும். எலுமிச்சை சேர்ந்தவை அதற்கும் முன்பே களைக்கும். குவான்த்ரோ, க்ரான் மார்னியே, பெனெதிக்தீன், ஷார்த்ரூஸ் முதலிய 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவை நான்காம் வகை. நன்றாக மூடி வெளிச்சம் படாமல் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிய சேதமின்றி நிற்கும். வெர்மூத் இந்த வரிசையில் சேராது. அது வலுவூட்டிய ஒயின். லிக்யூர்களின் நடுவே அதையும் திறந்து நிறுத்திவைக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால் சொல்கிறேன்: குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு மாதம், அவ்வளவே. இவை யாவும் நடைமுறைக் கணக்குகள். இறுதித் தீர்ப்பு மூக்கினுடையது.

ஐரோப்பியக் குறிப்புகளை அப்படியே பின்பற்றும் நம்மவர்கள் மறந்துவிடும் ஒரு சொல் ‘அறை வெப்பநிலை’. அந்தக் குறிப்புகளை எழுதியவரின் அறை 20 பாகையை ஒட்டியது. கோடை இரவிலும் பெரும்பாலும் 25 பாகைக்குக் கீழே இறங்காத சென்னையில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. வெப்பம் 10 பாகை கூடினால் வேதிவினைகள் ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறும் என்பது பள்ளிப்பாடம். அங்கே ஓராண்டு நிற்பது இங்கே ஆறு மாதம் நிற்கலாம். குவான்த்ரோவை அங்கே அலமாரியில் வைக்கிறார்கள் என்பதற்காக நாமும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே வைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் லிக்யூரின் இடம் குளிர்பதனப் பெட்டியின் கதவுத்தட்டு. விலக்கு ஒன்று உண்டு: சோம்பின் மணத்தைத் தரும் அனெதோல் குளிரில் படிகமாக உறையும், ஆகவே சோம்பு லிக்யூர்களை வெளியே, இருட்டில் வைக்கலாம்.

இனி எதிர்த்தரப்பு. இதைப் படிக்கும் அன்பர்கள் உடனே கையில் எடுக்கப்போகும் ஆயுதம் ஷார்த்ரூஸ் என்பது எனக்குத் தெரியும். புட்டிக்குள்ளும் மெல்ல மாறிச் சுவை கூடும் என்று பெயர்பெற்ற மிகச் சில லிக்யூர்களில் அது ஒன்று. 1903இல் பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட கார்த்தூசியத் துறவியர் ஸ்பெயினின் தாராகோனாவில் வடித்த பழைய புட்டிகள் இன்றும் ஏலத்தில் பெரும் விலை போகின்றன. உண்மை. ஆனால் அவை திறக்காத புட்டிகள். 55 சதவீத ஆல்கஹாலும் நிறைந்த சர்க்கரையும் இறுக மூடிய தக்கையும் இருட்டும் கூடி நிகழ்த்தியது அந்த மாற்றம். அத்துறவியரே முதிர்ச்சி வேண்டியபோது என்ன செய்தார்கள்? 1963 முதல் வி.இ.பி. என்ற பெயரில், ஓக் மரப்பீப்பாய்களில் நெடுங்காலம் வைத்துப் பிறகே புட்டியில் அடைக்கிறார்கள். 69 சதவீத வலுவுள்ள தங்கள் மூலிகை எலிக்ஸிரை வெளிச்சம் படாதிருக்க மரக்கூட்டுக்குள் வைத்து விற்கிறார்கள். நான்கு நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றைக் காத்துவரும் துறவியர் ஒளிக்கு அஞ்சி மரக்கூடு செய்கிறார்கள். நாமோ ட்யூப்லைட்டுக்குக் கீழே கண்ணாடிக் கதவு போடுகிறோம். அபூர்வமான ஒரு விதிவிலக்கைக் காட்டி, திறந்துவைத்த பெய்லிஸுக்கு ஜாமீன் கேட்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

இரண்டாவது எதிர்ப்பு அறம் சார்ந்தது. விலையுயர்ந்த பொருளைச் சிறுகச்சிறுகச் செலவழிப்பது சிக்கனம் அல்லவா, சீக்கிரம் முடி என்பது குடியை வளர்க்கும் உபதேசம் அல்லவா என்பார்கள். நான் அதிகம் குடிக்கச் சொல்லவில்லை. குறைவாக வாங்கச் சொல்கிறேன். பல லிக்யூர்கள் 350 மில்லிலிட்டரிலும் 50 மில்லிலிட்டரிலும் கூடக் கிடைக்கின்றன. பெரிய புட்டியைத் திறந்தால் ஆட்களைக் கூட்டித் திறக்க வேண்டும். திறந்த பொருளைப் பதுக்குவதைச் சிக்கனம் என்று அழைக்க முடியாது. ஊசிப்போகும்வரை உணவைப் பூட்டிவைப்பவரை நம் பாட்டிமார்கள் வேறொரு சொல்லால் அழைத்தார்கள்.

இலக்கிய வாசகர்களிடம் பேசுவதால் இலக்கியத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925) நாவலில் கேட்ஸ்பியின் நூலகம் புகழ்பெற்றது. புத்தகங்கள் அசலானவை, பக்கங்கள் வெட்டப்படாதவை, ஒன்றும் வாசிக்கப்பட்டதில்லை. காட்சிக்காகவே வாழ்ந்த அந்த மனிதன்கூட, டெய்ஸி வீட்டுக்கு வந்த அன்று சுவர் அலமாரியிலிருந்து ஷார்த்ரூஸை எடுத்து விருந்தினரோடு குடிக்கிறான். புத்தகம் எது, புட்டி எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எதிர்முனையில் நிற்பவன் ஹுய்ஸ்மான்ஸின் ‘ஆ ரெபூர்’ (1884) நாவலின் நாயகன் தெ ஸெஸேன்த். உணவறைச் சுவரில் சிறு பீப்பாய்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு லிக்யூருக்கும் ஓர் இசைக்கருவியை நிகர்வைத்து, நாவில் சொட்டுச் சொட்டாக இசை வாசிக்கிறான். தனியாக வாசிக்கிறான். அந்த வாத்தியத்துக்கு இரண்டாவது ரசிகன் கிடையாது. செரிமானமும் நரம்பும் சீர்குலைந்து, மருத்துவரின் கட்டளைப்படி அந்த வீட்டைவிட்டே அவன் வெளியேறுவதில் நாவல் முடிகிறது. நம் கண்ணாடி அலமாரிகளின் குலதெய்வம் அவன்தான்.

நம் பழம்பாடல் என்ன சொல்கிறது? புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம் யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பற்றிப் பேசுகிறார். கடல்கடந்து வந்த அரும்பொருள் அது. அதைப் பெட்டகத்தில் பூட்டச் சொல்லவில்லை புலவர். பொற்கிண்ணத்தில் மகளிர் தர, நாள்தோறும் உண்டு மகிழ்ந்திருக்க வாழ்த்துகிறார். இறக்குமதிச் சரக்கை என்ன செய்ய வேண்டும் என்பதில் நக்கீரருக்கு ஐயமில்லை.

புத்தக அலமாரியின் அறத்தை நாம் புட்டிக்கு மாற்றிவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. வாங்கி இருபது ஆண்டுகள் தொடாத ‘போரும் வாழ்வும்’ ஒரு சொல்லும் இழக்காமல் காத்திருக்கும். முப்பது பக்கம் படித்துவிட்டு மூடினாலும் மீதிப் பக்கங்கள் அப்படியே இருக்கும். திறந்த லிக்யூர் காத்திருக்காது. முதல் கிண்ணத்தை ஊற்றிய கணமே அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. வாசகனின் பொறுமை உயர்ந்த குணம். இங்கே அது கொலைக்கருவி.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். ஷார்த்ரூஸ் தயாரிக்கும் துறவியர் தங்கள் உற்பத்தியை மேலும் பெருக்கப்போவதில்லை என்ற செய்தி 2023இல் பரவியது. செபமும் தனிமையுமே தங்கள் வாழ்வு, வடிசாலை அதற்குத் துணையாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. உடனே உலகெங்கும் கடைகளில் தட்டுப்பாடு, பதுக்கல், விலையேற்றம். செய்முறையை முழுதாக அறிந்தவர்கள் இரண்டு மூன்று துறவியர் மட்டுமே. அளவோடு மட்டும் செய்வோம் என்று அவர்கள் வகுத்த எல்லைக்குள் பிறந்த புட்டி ஒன்று, எவன் வீட்டிலோ பாதி தீர்ந்து வெயிலில் வெளிறுகிறது. குடிக்க ஏங்கும் ஒருவனுக்கு அது கிடைக்கவில்லை; வைத்திருப்பவனும் குடிக்கவில்லை.

இரண்டாம் இழப்பு விருந்தினருடையது. நான்காண்டு கழித்து அந்தப் புட்டியிலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றி, இதுதான் ஷார்த்ரூஸ் என்று நீட்டுகிறோம். வாழ்வில் முதன்முறை அதைச் சுவைப்பவர், இவ்வளவுதானா என்று எண்ணிக்கொண்டு போகிறார். பிழை மலிந்த பதிப்பைக் கொடுத்துக் கம்பனை அறிமுகம் செய்வதற்கு இது சமம். பழி பதிப்பாளரைச் சேர வேண்டும்; சேர்வதோ கம்பனை.

செய்ய வேண்டியவை எளியவை. திறந்த அன்றே லேபிளில் பேனாவால் தேதி எழுதுங்கள். சட்டம் எழுதாத தேதியை நீங்கள் எழுதுங்கள். புட்டியை நிற்க வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் வலுவான ஆல்கஹால் தக்கையை அரிக்கும். ஊற்றியபின் கழுத்தை ஈரத்துணியால் துடையுங்கள். படியும் சர்க்கரை மூடியை ஒட்டவைக்கும், அல்லது சரியாக மூடவிடாமல் காற்றை உள்ளே விடும். மதுக்கூடங்களில் செருகும் ஊற்றுமுனையை வீட்டுப் புட்டியில் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள்; அது மூடியல்ல, திறந்த ஜன்னல். பாதிக்குக் கீழே இறங்கினால் சுத்தமான சிறு புட்டிக்கு விளிம்புவரை மாற்றுங்கள். வெயில், விளக்கு, அடுப்பு மூன்றிலிருந்தும் விலக்கி வையுங்கள். பழ லிக்யூர் மங்கத் தொடங்கினால், முற்றிலும் சாவதற்குள் கேக்கிலோ பழக்கலவையிலோ ஊற்றித் தீருங்கள்.

அலமாரிக்கு அழகு வேண்டுமென்றால் காலிப் புட்டிகளை அடுக்குங்கள். ஒவ்வொன்றும் நண்பர்களோடு கழிந்த ஒரு மாலைக்குச் சாட்சியாக நிற்கும். கெடுவதற்கும் அதில் ஒன்றும் இராது. மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பழைய மது உவமையைக் கொஞ்ச காலத்துக்கு ஒத்திவையுங்கள். வெளிவந்த ஆண்டில் கொண்டாடப்பட்டு, ஐந்தாம் ஆண்டில் நிறமும் மணமும் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும் நாவல்கள் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கு வேண்டுமானால் திறந்த லிக்யூரை உவமை சொல்லுங்கள். அதில் பொய் இல்லை.